எப்போது வரலாம் என்று கேட்டிருந்தீர்கள்

ஹால்வர்சன் அவர்களுக்கு,
கடிதம் கிடைத்தது. உறையின் ஒரு மூலை நனைந்திருந்தது.
நியூ ஆர்லியன்ஸில் இப்போது எல்லாமே
ஈரமாகத்தான் வந்து சேர்கின்றன:
மின்கட்டண ரசீது, ரொட்டி,
காப்பீட்டுக்காரரின் வருத்தம்.

ஆகஸ்ட் வேண்டாம்.
ஆகஸ்டில் ஊரே ஒரு வாய்க்குள் கிடக்கும்.
போடும்போதே சட்டை
நேற்றைய சட்டையாகிவிடும்.
செப்டம்பரில் யாரும் வானத்தைப் பற்றிப் பேசுவதில்லை.
ஆனால் எல்லா வீட்டிலும்
வானொலி தாழ்ந்த குரலில் ஓடிக்கொண்டிருக்கும்.
கார் டாங்கில் பெட்ரோலைப்
பாதிக்குக் கீழே இறங்கவிட மாட்டோம்.

அக்டோபர் நல்ல மாதம்
என்று முன்பெல்லாம் எழுதுவேன்.
இந்த அக்டோபரில் தெருவோரம் முழுக்க
குளிர்சாதனப் பெட்டிகள்,
வாயில் டேப் ஒட்டி,
பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி.
ஒன்றையும் திறந்துவிடாதீர்கள்.
எதிர்வீட்டு ஆல்சீட் திறந்தான்.
உள்ளே ஜூலையில் பிடித்த இறால்.
மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.
நாலாம் நாள் பெட்டியின் கதவில் கறுப்பு மையில் எழுதினான்:
'இலவசம். விருந்து உள்ளே.'
தெருவே சிரித்தது.
புயலுக்குப் பிறகு முதல் சிரிப்பு அது;
நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

நவம்பரில் சத்சுமா ஆரஞ்சு பழுக்கும்.
உப்புத்தண்ணீர் நின்ற மரம், வெட்டிவிடு என்றார்கள்.
கோடரி கிடைக்கவில்லை, அதனால் விட்டுவைத்தேன்.
ஒன்பது பழம்.
ஒன்று அணிலுக்குப் போனது.
மிச்சம் எட்டையும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை,
இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

மே மாதம் ஈசல் வரும்.
அந்த ஒரு மாலை எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் உட்கார்ந்திருப்போம்,
வீட்டில் கடன்காரன் கதவைத் தட்டுகிறாற்போல.
இந்த முறை தின்ன
அவற்றுக்கு மரமும் அதிகமில்லை.

பிப்ரவரியில்தான் நீங்கள் வருவீர்கள்.
சோல்வேய் பால்கனியில் நின்று,
ஊர்வல வண்டிகளைப் பார்த்துக் கத்திக் கத்தி
மணிமாலை பிடிப்பார்.
அந்தப் பால்கனி இப்போது
அடுத்த வீட்டுக் கொல்லையில், தலைகீழாக.
ஆனால் ஓக் மரக்கிளையில் சிக்கிய மாலைகள்
அப்படியே தொங்குகின்றன, பச்சையும் ஊதாவும்.
கூரையைப் பிடுங்கிய காற்று
அவற்றைத் தொடவில்லை.
அதன் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

ஒரு கட்டில் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள்.
அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.
எதுவும் கேட்கப் போவதில்லை.
இங்கேயும் யாரும் யாரையும் கேட்பதில்லை;
திரும்பி வந்தவர்களை எண்ணுகிறோம்,
அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சரி, எப்போது வரலாம்?
ஊர் தேறிய பிறகு என்றால்
அந்தத் தேதி என்னிடம் இல்லை.
மேயர் அலுவலகத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.
மூன்றாம் அறைக்குக் கூரை உண்டு.
அதாவது, நீலத் தார்ப்பாய்.
இரவில் படபடக்கும்; தூங்க முடியவில்லை என்று
ஒரு மின்வாரியத்துக்காரர் காலி செய்துகொண்டு போனார்.
எனக்கோ அது நின்றால் விழிப்பு வந்துவிடுகிறது.

சுவரில் ஒரு கோடு பார்ப்பீர்கள்,
என் நெஞ்சு உயரத்தில், தேநீர் நிறத்தில்.
அதன்மேல் வெள்ளையடிக்கவில்லை.
சோம்பல் என்று நினைக்க வேண்டாம்.
ஆல்சீட்டின் பையன் டெஸ்மாண்ட்
வாரம் ஒருமுறை வந்து முதுகைச் சாய்த்து நிற்கிறான்,
தலையில் புத்தகம் வைத்து அளக்கச் சொல்கிறான்.
இன்னும் இரண்டு விரற்கடை பாக்கி.
நேற்று குதிகாலைத் தூக்கினான்,
பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வாடகை பழையதுதான்.
சிக்கரி கலந்த காபி காலை ஏழுக்கு,
மின்சாரம் இருந்தால்.
திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸும் சோறும்;
அதை எந்தப் புயலும் நிறுத்தியதில்லை.

இப்படிக்கு,
வெர்லீன் தெரியோ.

பி.கு.: கையுறை ஒரு ஜோடி, உங்கள் அளவில்,
கொண்டு வாருங்கள். ரப்பர் பூட்ஸும்.
பால்கனியை நிமிர்த்த
நாலு பேர் வேண்டும்.
மூவர் இருக்கிறோம்.